ஆய்வுக்கூடத்துக்குள் பிள்ளைகளை விடுவார்களா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள், விஞ்ஞானிகள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். உள்ளே விடுவார்களா? விட்டாலும் அவளுக்குப் புரியுமா?
– ஒரு தாய், கிருஷ்ணகிரி

பதில்: உங்களுக்குப் பக்கத்திலேயே வழி இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் வழக்கமாக ஆண்டுக்கு ஒரு நாள், பெரும்பாலும் மார்ச் மாதச் சனிக்கிழமை ஒன்றில், பொதுமக்களுக்குக் கதவைத் திறந்துவிடும். கட்டணம் இல்லை. கூட்டம்தான் திருவிழா போல இருக்கும்!

புரியுமா என்ற கவலை வேண்டாம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் 1825இலேயே தொடங்கிவிட்டன. அங்கே விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே ஒரே ஒரு மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு ஒரு தொடர் முழுக்கப் பேசினார். எரிந்த மெழுகு எங்கே போகிறது, சுடரிலிருந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று செய்தே காட்டினார். மேதை என்ற தோரணையே இல்லாமல்! பெங்களூருவிலும் அப்படித்தான்: மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்த பூ விரல் பட்டதும் நொறுங்குவதைப் பார்த்தால், உங்கள் மகளும் தானாகவே 'ஏன்?' என்பாள். அந்தக் கேள்வியை அவளே கேட்கட்டும், நீங்கள் முந்திக்கொள்ளாதீர்கள். பதில் சொல்ல ஆராய்ச்சி மாணவர்கள் இருப்பார்கள். அவர்களில் தமிழ் பேசுபவர்களும் உண்டு.

எல்லாத் துறைகளையும் ஒரே நாளில் பார்க்க ஓடுவது வீண். இரண்டோ மூன்றோ போதும். தேதியைக் கழகத்தின் இணையதளத்தில் உறுதிசெய்துகொண்டு, காலையிலேயே போய்விடுங்கள்.