விவசாய மகாநாடு நடத்தும் முறை

பயிர்த்தொழிலில் அனுபவம் மிக்கோர் ஓரிடத்திற் கூடித் தாம் கண்டறிந்தவற்றை ஒருவருக்கொருவர் எடுத்துரைப்பதால் விளையும் அனுகூலம் பெரிது என்பதை யாவரும் ஒப்புக்கொள்வர். ஆயினும் கூட்டப்படும் மகாநாடுகள் யாவும் பயன் தருவன என்று சொல்வதற்கில்லை. பந்தலும் தோரணமும் குறைவின்றி அமைந்து, பிரசங்கங்களும் செவ்வையாக நிகழ்ந்து, வந்தோர் வயிறார உண்டு வீடு திரும்பிய பின்னர், அடுத்த பருவத்தில் ஒரு வயலிலேனும் ஒரு மாறுதலும் காணப்படாவிடின், செலவான பொருளும் அதனினும் அரிய ஒரு நாட்பொழுதும் வீணானவையே. வந்த ஜனங்களின் தொகையைக் கொண்டு மகாநாட்டை மதிப்பிடுதல் வழக்கமாயிருக்கிறது. மறு ஆண்டில் வயலிலிருந்து திரும்பி வருவதைக் கொண்டு அதனை மதிப்பிடுதலே முறையாகும். மகாநாடு கூட்ட எண்ணும் நிலக்கிழார்களுக்கும் கிராம அலுவலர்களுக்கும் துணையாகும்பொருட்டு அதற்குரிய ஏற்பாடுகள் இங்கே கூறப்படுகின்றன.

ஓர் உதாரணம்

திருவாரூர் மாவட்டத்தில் திருத்துறைப்பூண்டியை அடுத்துள்ள ஆதிரெங்கம் என்னும் கிராமத்தில் 2006-ஆம் ஆண்டு நெல் திருவிழா தொடங்கப்பெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர், நெல் ஜெயராமன் என்று யாவராலும் அழைக்கப்பட்டவர். அவர் ஏறத்தாழ 170 பாரம்பரிய நெல் இரகங்களைத் தேடிச் சேர்த்துக் காத்தவர்; 2018-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் காலமானார். அத்திருவிழாவில் கைக்கொள்ளப்பட்ட விதி மிக எளியது: விழாவுக்கு வரும் விவசாயி 2 கிலோ விதை பெற்றுச் செல்வார், அதனைப் பயிரிட்டு மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தருவார்.

இவ்விதியின் நுட்பத்தைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். 100 பேருக்கு 2 கிலோ வீதம் கொடுத்தால் 200 கிலோ விதை செலவாகும். யாவரும் திருப்பித் தந்தால் 400 கிலோ சேரும். அடுத்த ஆண்டு 200 பேருக்கு வழங்கலாம். பாதிப் பேராகிய 50 பேர் மாத்திரம் தந்தாலும் 200 கிலோ வந்து சேர்ந்து முதல் குறையாது நிற்கும். பாதிக்கும் கீழே இறங்கினாலன்றி இருப்புத் தேயாது. வறட்சி, வெள்ளம், மறதி ஆகிய மூன்றுக்கும் இடம் விட்டு வகுத்த விதியாதலின் இது நமது கிராமங்களுக்கு ஏற்றது. அன்றியும், திரும்பி வரும் விதையே அம்மகாநாட்டின் உண்மையான வரவு செலவுக் கணக்காகவும் அமைந்துவிடுகிறது.

1. நோக்கம் வரையறுத்தல்

ஒரு மகாநாட்டுக்கு ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். நெல், தென்னை, கால்நடை, கடன் ஆகிய யாவற்றையும் ஒரே நாளில் பேசப் புகுந்தால் ஒன்றும் முற்றுப்பெறாது. விஷயத்தைத் தேர்ந்தெடுக்குமுன் அடங்கல் கணக்கைப் பார்ப்பது நலம். அக்கிராமத்திலும் அண்டைக் கிராமங்களிலும் எந்தப் பயிர் எத்தனை ஏக்கரில் உள்ளது, எந்த நிலம் தரிசாய்க் கிடக்கிறது என்பன அதிற் புலப்படும். அவற்றுடன் நீர் தேங்கும் நிலம், உவர் நிலம், மேட்டு நிலம் ஆகியவற்றைக் கிராம அலுவலர் தம் அனுபவத்தால் பிரித்துக் காட்டலாம். இவ்வாறு ஆராய்ந்து, ‘நமது தாழ்ந்த வயல்களுக்கு ஏற்ற சம்பா நெல் எது?’ என்பது போன்ற ஒரு வினாவாக நோக்கத்தை எழுதிக்கொள்ள வேண்டும். வினா தெளிவாயிருந்தால் யாரை அழைப்பது, யார் பேசுவது என்பவை தாமே தெளிவாகும்.

2. காலம்

மகாநாட்டின் தேதியைப் பயிர்ப் பருவமே தீர்மானிக்க வேண்டும். நீர் இருப்புள்ள ஆண்டுகளில் மேட்டூர் அணை ஜூன் 12-ஆம் தேதி திறக்கப்படுவது வழக்கம். காவிரிப் பாசனப் பகுதியில் குறுவை நாற்றங்கால் அதனை ஒட்டித் தொடங்கும். சம்பா நாற்றங்கால் ஆகஸ்டு மாதம் தொடங்கும். ஆகவே மே மாதத்தில் கூடினால் குறுவைக்கும் சம்பாவுக்கும் விதை உரிய காலத்தில் கை சேரும். சம்பா அறுவடை முடிந்து, நெல் உலர்ந்து, வேலை ஓய்ந்திருக்கும் காலமும் அதுவே. நடவு நாளிலோ அறுவடை நாளிலோ கூட்டப்படும் மகாநாட்டுக்கு வயலில் வேலை இல்லாதவர்களே வருவர்.

3. இடமும் அழைப்பும்

பேருந்து வசதியும், நிழலும், குடிநீரும் உள்ள இடமே போதுமானது. பெரிய மண்டபம் அவசியமன்று. அழைப்பை ஒரு மாதத்துக்கு முன் அனுப்புதல் வேண்டும். அழைப்பிலேயே வினாவை அச்சிட்டு, வருவோர் தத்தம் நிலத்தின் தன்மையையும் சென்ற ஆண்டு பயிரிட்ட இரகத்தையும் எழுதிக் கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். நாற்றுப் பறித்தலும் நடவும் களையெடுத்தலும் பெரும்பாலும் பெண்கள் கையில் இருப்பதால் அவர்களையும் தவறாது அழைத்து, பேசுவதற்கும் நேரம் ஒதுக்க வேண்டும். நாற்றின் குணம் அறிந்தவர்கள் அவர்களே.

4. விதையைச் சோதித்தல்

வழங்கவிருக்கும் விதையை மூன்று வாரங்களுக்கு முன்னரே சோதிக்க வேண்டும். இரகத்துக்கு 100 மணிகளை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, ஈரம் காயாமல் வைத்து முளைத்தவற்றை எண்ணுக. 80-க்குக் குறைவாக முளைக்கும் விதையை வழங்கலாகாது. விதையின் ஈரம் நூற்றுக்கு 13-க்கு மேற்படாதவாறு உலர்த்தியிருக்க வேண்டும். முளையாத விதையைப் பெற்றுச் சென்ற விவசாயிக்கு நேரும் நஷ்டம் 2 கிலோ நெல் மாத்திரமன்று. அவருக்கு அப்பருவமே தவறிப்போகும். அவர் மறு ஆண்டு கூட்டத்துக்கும் வரமாட்டார்.

5. நிகழ்ச்சி முறை

நாள் முழுவதையும் உபசார மொழிகள் விழுங்கிவிடாதபடி நிகழ்ச்சி நிரலை வகுக்க வேண்டும். பின்வரும் முறை தக்கதாகும்.

காலை 9 மணி முதல் 9.30 வரை வரவேற்பும் பெயர்ப் பதிவும். 9.30 முதல் 11.30 வரை அனுபவம் பெற்ற விவசாயிகள் நால்வர் பேசுதல். ஒவ்வொருவருக்கும் பேச்சுக்கு 15 நிமிஷம், வினா விடைக்கு 15 நிமிஷம். 11.30 முதல் 1 மணி வரை விதைக் காட்சி. 1 முதல் 2 வரை உணவு. 2 முதல் 3 வரை மேட்டு நிலத்தார், தாழ்ந்த நிலத்தார், உவர் நிலத்தார் எனத் தனித்தனிக் குழுவாக அமர்ந்து ஆலோசித்தல். 3 முதல் 4 வரை விதை வழங்குதல்.

தலைவர் கடிகாரத்தை முன்வைத்து நடத்துவாராக. சிறந்த விருந்தினர் தாமதித்து வரினும் நிகழ்ச்சியை நிறுத்தி வைத்தல் கூடாது. தொலைவிலிருந்து வந்த குடியானவர் மாலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் என்பதை நினைவிற்கொள்ளுதல் வேண்டும்.

6. காட்சியில் குறையும் எழுதப்படுதல்

ஒவ்வொரு இரகத்தின் கதிர்க்கட்டையும் விதையையும் வைத்து, அதனருகில் பலகையில் வயது, ஏற்ற பருவம், ஏற்ற நிலம், குணம், குறை ஆகிய ஐந்தையும் எழுதுக. பூங்கார் குறுகிய வயதுடையது. குழியடிச்சான் உவரைத் தாங்குவது. காட்டுயானம் ஏறத்தாழ ஆறு மாத வயதுடையது, நன்கு உயர்ந்து வளர்வது. இவ்வாறு உயரும் நெல்லுக்குத் தழைச்சத்தை மிகுதியாக இட்டால் கதிர் முற்றுமுன் பயிர் சாய்ந்துவிடும். குட்டை நெல்லுக்கு யூரியா இட்டுப் பழகியவர் அதே அளவை இதற்கும் இட்டு விளைச்சலை இழக்கக்கூடும். ஆதலின் குணத்தைப் பெரிய எழுத்திலும் குறையைச் சிறிய எழுத்திலும் எழுதுவது விவசாயிக்கு இழைக்கும் தீங்காகும்.

7. உணவும் நீரும்

200 பேர் வருவதாகக் கொண்டால் உணவுக்கு 30 முதல் 35 கிலோ அரிசி வேண்டியிருக்கும். மே மாத வெயிலில் ஒருவருக்குக் குடிநீர் 3 லிட்டர் வீதம் 600 லிட்டர் முன்னதாகவே நிரப்பி வைக்கப்பட வேண்டும். நீர்மோர் கொடுத்தல் சாலச் சிறந்தது. கழிப்பிட வசதியை, சிறப்பாகப் பெண்களுக்கு, மறத்தலாகாது. வரவு செலவுக் கணக்கை ஒரு வாரத்துக்குள் எழுதி முடித்து யாவரும் பார்க்கும்படி ஒட்டிவைப்பது அடுத்த ஆண்டு நன்கொடை கேட்கச் செல்வோருக்குப் பெருந்துணையாகும்.

8. பதிவேடும் பின் முயற்சியும்

விதை பெறுவோரின் பெயர், ஊர், இரகம், நிலத்தின் தன்மை ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் பெறுக. நீண்ட வயதுள்ள நெல்லுக்குச் சாதாரண நடவில் ஏக்கருக்கு 12 கிலோ விதை என்று கொண்டால், 2 கிலோ விதை ஏறக்குறைய 16 சென்டு நிலத்துக்குப் போதும். முதலாண்டில் அவ்வளவே பயிரிட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம். பொருந்தாவிடில் நஷ்டம் சொற்பம்; பொருந்தினால் மறு ஆண்டுக்கு விதை தம்மிடமே இருக்கும்.

நடவு முடிந்ததும் ஒருமுறை, கதிர் வெளிவரும்போது ஒருமுறை, ஆக இருமுறை அவ்வயல்களைச் சென்று பார்த்தல் வேண்டும். கதிர் வரும் சமயத்தில் கலவன்களைப் பிடுங்கி நீக்கச் சொல்வது மிக முக்கியம். இன்றேல் திரும்பி வரும் விதை தூய்மையாயிராது. விளைச்சல் பொய்த்தவர் வெட்கி ஒதுங்காதபடி, விதையைத் தர இயலாதவரும் அடுத்த கூட்டத்துக்கு வந்து தம் அனுபவத்தைக் கூற வேண்டுமென்று முன்னரே சொல்லிவைக்க வேண்டும். ஒரு நெல் ஏன் பொய்த்தது என்னும் செய்தியும் 4 கிலோ விதைக்கு நிகரான வரவேயாகும்.

முடிவு

மகாநாட்டு நாளன்று அதன் பயன் தெரியாது. நாற்றங்காலில் விட்ட விதை போல அது சில மாதங்கள் மண்ணில் இருந்தே வெளிப்படும். அடுத்த மே மாதம் பந்தற்கால் நடுமுன் பதிவேட்டைத் திறந்து, எத்தனை பேர் விதை தந்தனர், எத்தனை பேர் செய்தி தந்தனர் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். பாதிக்கு மேல் என்று கணக்குச் சொல்லுமாயின் மகாநாடு நிறைவேறியது என்று மகிழலாம். குறையுமாயின் குறை எங்கே என்று முதலில் ஆராய்ந்து, அதன்பின் அடுத்த மகாநாட்டுக்கு அழைப்பு அச்சிடுக.