தெளிந்த வீரம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

எல்லையில் நிற்கும் வீரரின் விழிப்பே நாட்டின் உறக்கத்திற்குக் காவல். அவ்விழிப்பை மங்கச் செய்யும் பகை வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. படைவாழ்வோடு நெடுங்காலம் ஒட்டியிருந்த மதுப்பழக்கத்தையும், அதிலிருந்து வீரரைக் காக்கும் வழிகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னை அசோக் நகரின் நடுவே சிங்கமுகத் தூண் ஒன்று நிற்கிறது. நாள்தோறும் அதனைக் கடந்து செல்வோர் பலர். அந்தச் சிங்கமுகச் சின்னத்தையே இந்தியத் தரைப்படையின் மேஜர் தம் தோளில் அணிகிறார். அத்தூணிலிருந்து தெற்கே சில கல் தொலைவில் பரங்கிமலை உள்ளது. அங்கு 1963இல் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சி நிறுவனம் இன்றும் இளைஞர்களைப் படைத்தலைவர்களாக உருவாக்குகிறது. பதினோராம் வகுப்பில் பயில்வோருள் சிலர் இரண்டொரு ஆண்டுகளில் சீருடை அணியக்கூடும். ஆகவே, இக்கட்டுரையின் பொருள் நமக்குத் தொலைவானதன்று.

பழந்தமிழர் பார்வை

போரும் மதுவும் இணைந்திருந்ததைத் தமிழ் இலக்கியம் மறைக்கவில்லை. ஆநிரை கவர்ந்து மீண்ட வீரர் கள்ளுண்டு களிப்பதை ‘உண்டாட்டு’ என்னும் துறையாகப் புறத்திணை இலக்கணம் வகுத்தது. வீரருக்கு மன்னர் கள் வழங்கிய செய்திகள் புறப்பாடல்களில் உள்ளன. ஆயினும், அதே மரபில் எதிர்க்குரலும் எழுந்தது. வள்ளுவர் ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்கவில்லை. அரசும் படையும் பேசப்படும் பொருட்பாலில் வைத்தார். கள்ளை விரும்புவோரைப் பகைவர் அஞ்சமாட்டார் என்பதே அவ்வதிகாரத்தில் அவர் முதலில் கூறும் இழப்பாகும். மதுவைத் தனிமனிதக் குற்றமாக மட்டும் கருதாது, நாட்டின் காப்பு சார்ந்த சிக்கலாகவும் அவர் கண்டார் என்பதை இவ்வைப்புமுறை உணர்த்துகிறது.

பங்கீடாக வந்த மது

ஐரோப்பியப் படைகளில் மது, உணவைப்போலவே பங்கீடாக வழங்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படையில் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய ரம் பங்கீடு, 1970 ஜூலை 31 அன்றுதான் முடிவுற்றது. நுட்பமான கருவிகளை இயக்குவோருக்கு நண்பகல் மது பொருந்தாது என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். அமெரிக்கக் கடற்படை 1914இலேயே தன் கப்பல்களில் மதுவைத் தடை செய்தது.

இந்தியாவில் இருந்த ஆங்கிலேய வீரருக்கும் சாராயமும் ரம்மும் நாள்தோறும் அளந்து வழங்கப்பட்டன. வெப்பமும் தனிமையும் வேலையற்ற மாலைப்பொழுதுகளும் அவர்களை மேலும் குடிக்கத் தூண்டின. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தவர் பிரடெரிக் ராபர்ட்ஸ். பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைமையேற்ற அவர், தண்டனை மட்டும் பயன் தராது எனக் கண்டார். படைப்பிரிவுகளில் படிப்பறை, விளையாட்டு, காப்பி, சிற்றுண்டி ஆகியன கொண்ட மன்றங்கள் அமைவதை ஊக்குவித்தார். சிதறிக்கிடந்த மதுவிலக்குச் சங்கங்களை ஒன்றிணைத்தார். ஒரு பழக்கத்தை நீக்க வேண்டுமாயின், அது நிரப்பிய வெற்றிடத்தை வேறொன்றால் நிரப்ப வேண்டும் என்பது அம்முயற்சி தரும் பாடம்.

சட்டமும் சலுகையும்

விடுதலைக்குப் பின்னும் இப்பிணைப்பு நீடித்தது. பம்பாய் மாநிலம் மதுவிலக்குச் சட்டம் இயற்றியபோது, படையினரின் உணவுக்கூடங்களுக்கும் விற்பனைக்கூடங்களுக்கும் விலக்களிக்க அச்சட்டத்தில் இடமிருந்தது. இது சமத்துவத்திற்கு முரணானது என்று பால்சரா என்பவர் தொடுத்த வழக்கில், அவ்விலக்கு செல்லும் என உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்தது. படையினருக்கும் ஓய்வுபெற்றோருக்கும் இன்றும் படைத்துறை விற்பனைக்கூடங்களில் குறைந்த விலையில் மாத அளவுப்படி மது கிடைக்கிறது.

மறுபுறம், 1950ஆம் ஆண்டுத் தரைப்படைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, பணியில் இருப்பினும் இல்லாவிடினும் போதையில் காணப்படுதலைக் குற்றம் என்கிறது. அதிகாரியாயின் பதவி நீக்கமும், பிறராயின் இரண்டாண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். ஒரு கை சலுகையை நீட்ட, மறு கை தண்டனையை ஓங்குகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பவர் வீரரே.

மறைக்கப்படும் நோய்

குளிருக்கு மது நல்லது என்பது படைமுகாம்களில் வழங்கும் பழைய நம்பிக்கை. உண்மை வேறு. மது தோலருகே உள்ள இரத்தக்குழாய்களை விரிவடையச் செய்கிறது. அதனால் உடல் கதகதப்பானதுபோல் தோன்றும். ஆனால், உள்வெப்பம் விரைந்து வெளியேறும். பனிமலையில் காவல் நிற்பவருக்கு இது உயிர்க்கேடு. உறக்கம் வரும் என்று குடிப்போருக்கும் உறக்கம் துண்டுபட்டே வாய்க்கிறது.

போர்க்களக் காட்சிகளின் நினைவு, குடும்பப் பிரிவு, தோழனின் இறப்பு ஆகியவற்றை மறக்கக் குடிப்பவர் நாளடைவில் மதுவுக்கு அடிமையாகிறார். அது ஒழுக்கக்கேடு அன்று, மருத்துவத்திற்குரிய நோய். ஆயினும், வெளியே சொன்னால் பதவி உயர்வு தடைபடுமோ, கோழை என்பார்களோ என்னும் அச்சம் அவர் வாயை அடைக்கிறது. தண்டனைக்கு அஞ்சி நோய் மறைக்கப்படுமாயின், அது தோழர்களின் உயிருக்கும் ஊறாகும். கைந்நடுங்கும் ஒருவரிடம் துப்பாக்கி இருப்பதைவிடப் பெரிய தீங்கு எது?

காக்கும் வழிகள்

தடுப்பு முறைகள் மூன்று நிலையின. பயிற்சிக் காலத்திலேயே உண்மையை உணர்த்துவதும், விருந்துகளில் குடிக்காதவரை எள்ளாத சூழலை உருவாக்குவதும் முதல்நிலை. உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த பத்து வினாக்கள் கொண்ட படிவத்தின் வழியே சிக்கலைத் தொடக்கத்திலேயே கண்டறிவது இரண்டாம்நிலை. நோயுற்றவருக்குச் சிகிச்சையளித்துக் கண்காணித்து மீண்டும் பணியில் அமர்த்துவது மூன்றாம்நிலை. இம்மூன்றிலும் படைத்தலைவரின் நடத்தையே முதற்பாடம். அவர் கையில் கோப்பை இருக்க, அவர் கூறும் அறிவுரை எடுபடாது.

ஓய்வுக்காலமும் கவனத்திற்குரியது. பதினைந்து ஆண்டுப் பணிக்குப்பின் ஓய்வூதியத்துடன் திரும்பும் வீரருக்கு வயது நாற்பதைக்கூட எட்டியிராது. ஒழுங்கான நாள்கள் திடீரென வெறுமையாகின்றன. மலிவு விலை மது மட்டும் தொடர்கிறது. அந்நாளில் அவருக்குத் தேவை வேலையும் தோழமையும் குடும்பத்தின் புரிதலுமே ஆகும்.

இதற்கு வழிகாட்டும் பணி சென்னையிலேயே நடைபெறுகிறது. கணவரை மதுவுக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், தம் துயரத்தைத் தொண்டாக மாற்றி 1980இல் மதுநோய் மீட்பு மருத்துவ நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இயங்கும் அந்நிறுவனத்தில் நோயாளியோடு குடும்பத்தினருக்கும் ஆற்றுப்படுத்தல் வழங்கப்படுகிறது. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

உதவி கேட்பது தோல்வியன்று. காயம்பட்ட வீரர் மருத்துவரை அழைப்பதில் இழிவில்லை எனின், மனம் காயம்பட்டவர் அழைப்பதிலும் இழிவில்லை. கலிங்கப் போருக்குப்பின் தன் தவற்றை உணர்ந்து திருந்தியதாலேயே அசோகர் பேரரசருள் உயர்ந்தார். தன்னை வெல்லும் தெளிவே வீரத்தின் உயர்நிலை.

தெரியுமா?

போதை மீட்பு ஆலோசனைக்கு 14446 என்னும் எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்னும் எண்ணிலும் கட்டணமின்றி அழைக்கலாம்.

சொல்லும் பொருளும்

உண்டாட்டு – வீரர் கள்ளுண்டு களித்தல்
ஊறு – தீங்கு
ஆற்றுப்படுத்தல் – நெறிகாட்டி ஆறுதல் அளித்தல்

கற்பவை கற்றபின்

1. ‘தண்டனையா, சிகிச்சையா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
2. உங்கள் பகுதியில் வாழும் முன்னாள் படைவீரர் ஒருவரைச் சந்தித்து, ஓய்வுக்குப்பின் அவர் எதிர்கொண்ட மாற்றங்களைக் கேட்டறிந்து எழுதுக.

மதிப்பீடு

குறுவினா: குளிருக்கு மது நல்லது என்னும் நம்பிக்கை ஏன் தவறானது?

சிறுவினா: வள்ளுவர் கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில் வைத்ததன் நயத்தை விளக்குக.

நெடுவினா: மதுநோயை வீரர் மறைப்பதற்கான காரணங்களையும் அதனைத் தடுக்கும் மூவகை நிலைகளையும் தொகுத்து எழுதுக.