வாப்பும்மாவின் இருமல்



அபூ கதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் தம் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தபடியே தொழுதார்கள். ஸுஜூதுக்குப் போகும்போது இறக்கி வைத்தார்கள். எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்கள். மதரஸாவில் இந்த ஹதீஸை ஓதிய காலத்தில், தொழுகையில் எவ்வளவு அசைவு கூடும் என்ற மஸ்அலாவைத்தான் எங்கள் உஸ்தாது விளக்கினார்கள். அதுவும் தேவையான பாடம்தான். எனக்குப் பேரன் பிறந்த பிறகுதான் அதிலிருந்த இன்னொன்று மனதில் பட்டது: அந்த வீட்டுக் குழந்தைக்குப் பாட்டனாரின் தோள் தொழுகை நேரத்தில்கூட மறுக்கப்படவில்லை.

நம் வீடுகளும் ஒரு வகையில் அப்படித்தான். பிள்ளை பிறந்தால் பாங்கு சொல்ல ஒருவர், பேரீச்சம்பழம் தொட்டு வைக்க ஒருவர், ஏழாம் நாள் அகீகாவுக்கு ஆடு பிடிக்க ஒருவர், நாற்பதுவரை குளிப்பாட்ட ஒருவர். தாய்க்குத் தூக்கம் வந்தால் பிள்ளை சாச்சியிடம் போகும். சாச்சிக்கு அடுப்படி வேலை என்றால் பெரியும்மாவிடம் போகும். இரவானால் வாப்பும்மாவின் பாயில் நபிமார்கள் கதை கேட்டபடி உறங்கிவிடும். தனிக்குடித்தனத்தில் ஒற்றை ஆளாகப் பிள்ளை வளர்க்கும் பெண்கள் ஏங்கும் நிஃமத் இது. இதைக் குறை சொல்வதற்கு இந்தப் பாடம் எழுதவில்லை. ஆனால் பத்துப் பேர் புழங்கும் வீட்டில் நோயும் ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு எளிதாகப் போகும். என் வீட்டில் நடந்ததையே சொல்கிறேன். டிரஸ்டின் செயலாளர் பொறுப்பிலிருந்து மற்றவர்களுக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுப்பவன் செய்த தவறு என்பதால் அதை மறைப்பது சரியாகப் படவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் மகளின் நிக்காஹுக்கு ஒரு மாதம் இருக்கையில் என் உம்மாவுக்கு இருமல் தொடங்கியது. உம்மாவுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது, சர்க்கரை நோய் வேறு. தெருமுனை மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் கொடுத்தோம். வீட்டில் எல்லோருக்கும் அவர் வாப்பும்மாதான். இரண்டரை வயதுப் பேரனும் அப்படியே கூப்பிடுவான், அவர் பக்கத்தில்தான் படுப்பான். ஒருநாள் மருமகள் வந்து, "மாமா, வாப்பும்மாவுக்கு மூணு வாரமா இருமல் நிக்கல. ராத்திரி வேர்த்து வேற ஊத்துது. பிள்ளை அவங்ககூடத்தான் படுக்குறான். ஒருதடவை ஆஸ்பத்திரியில காட்டிடலாமா?" என்று கேட்டாள். நான், "கல்யாணம் முடியட்டும்மா, இப்ப எதையாவது கிளப்பிவிடாதே" என்றேன்.

எதற்குப் பயந்தேன் என்று எனக்குத் தெரியும். என்ன நோயாக இருக்கலாம் என்பதும் உள்ளூரத் தெரிந்தே இருந்தது. சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போனால் என்ன ஆகும் என்பதுதான் என் கணக்கு. குழந்தை அந்தக் கணக்கில் இல்லை. பிறகு நிக்காஹ், வலீமா, மறுவீட்டு விருந்து என்று ஐந்தாறு வாரம் ஓடிவிட்டது. ஜன்னல்களைச் சாத்தி ஏசி போட்ட அறையில், உறவுக்காரப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் உம்மாவைச் சுற்றிப் படுத்துக் கிடந்ததை நானே பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்தபோது காசநோய் என்று வந்தது.

அன்றைக்கு வீட்டில் முதலில் நடந்தது என்ன தெரியுமா? உம்மாவின் தட்டைத் தனியாக எடுத்து வைத்தார்கள். வாழ்நாளெல்லாம் மற்றப் பெண்களோடு ஒரே சஹனில் உட்கார்ந்து சாப்பிட்டவருக்கு ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர், தனி வாளி. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்த சுகாதாரப் பணியாளர் அந்தத் தட்டைப் பார்த்துவிட்டு, இந்த நோய் தட்டிலோ துணியிலோ பரவுவதில்லை, இருமும்போதும் தும்மும்போதும் காற்றில் வரும் கிருமியை மூடிய அறையில் பல மணி நேரம் சுவாசிப்பதால்தான் பரவுகிறது என்று சொன்னார். நாங்கள் பயந்திருக்க வேண்டியது ஜன்னல் சாத்திய அறைக்கு. பயந்தது சோற்றுத் தட்டுக்கு.

அடுத்து அவர் கேட்டது: "வீட்டில் ஐந்து வயதுக்குக் கீழே எத்தனை குழந்தைகள்?"

பேரன் ஒருவன், ஐந்து மாதப் பேத்தி ஒருத்தி. இந்தக் கேள்வி ஏன் என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். பெரியவர் உடலில் கிருமி நுழைந்தாலும் பெரும்பாலும் அது நோயாக மாறாமல் அடங்கிக் கிடக்கும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்தத் தடுப்பாற்றல் முதிர்ந்திருக்காது. நோய் விரைவில் பற்றும். சில பிள்ளைகளுக்கு மூளை உறைவரை போய்விடும். பிறந்தவுடன் போடும் பி.சி.ஜி. ஊசி இப்படிப்பட்ட கடுமையான வகைகளிலிருந்து ஓரளவு காக்கிறதே தவிர, நோயே வராது என்று உறுதி சொல்வதில்லை. ஆகவே வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்தால் பிள்ளைகளைப் பரிசோதிப்பார்கள். நோய் இல்லை என்று உறுதியானால், வராமல் தடுக்கும் மருந்தைச் சில மாதங்கள் கொடுப்பார்கள். அரசு இதை இலவசமாகவே தருகிறது. வீட்டுப் பெரியவர்களும் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

பேத்திக்கு நோய் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். அவளுக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். பேரனுக்கு இரண்டு மாதமாக எடை ஏறவே இல்லை. கல்யாண வீட்டு அலைச்சலில் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை என்று நாங்கள் நினைத்திருந்தோம். எக்ஸ்ரேயில் மார்புக்குள் நெறி கட்டியிருந்தது தெரிந்தது. அவனுக்கும் உம்மாவோடு சேர்த்து ஆறு மாதம் முழு சிகிச்சை. அன்று மருமகள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். அல்லாஹ்விடம் தவ்பா செய்வது ஒரு பக்கம்; அடியாரின் ஹக்கில் செய்த குறைக்கு அந்த அடியாரிடமே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஜும்ஆ மேடையில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று இரவு மருமகளிடம் அதைச் செய்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அப்போது ஒரு பெரியவர் ஆறுதலாகச் சொன்னார், "தொற்று என்பதே இல்லை என்று ஹதீஸ் இருக்கிறதே, நீ ஏன் உன்னையே குறை சொல்லிக்கொள்கிறாய்?" இதைப் பலரும் சொல்வதால் சற்று நின்று பார்ப்போம். அந்த ஹதீஸ் ஸஹீஹானதுதான். அதே அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் வழியாகவே, நோயுற்ற ஒட்டகங்களை ஆரோக்கியமான ஒட்டகங்களோடு சேர்க்க வேண்டாம் என்ற கட்டளையும் வந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்தே உலமாக்கள் விளக்கினார்கள்: அல்லாஹ்வின் நாட்டமின்றி நோய் தானாகவே சக்தி பெற்றுத் தாவுகிறது என்ற ஜாஹிலிய்யா நம்பிக்கை மறுக்கப்படுகிறது, காரணங்களைக் கவனித்து விலகி நடப்பது கட்டளையாகவே நிற்கிறது. உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்குப் போகும் வழியில் ஸர்ஃக் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில் பதில் சொல்லி, பசுமையான கரையும் வறண்ட கரையும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகம் மேய்ப்பவரை உதாரணம் காட்டினார்கள். வறண்ட கரையில் மேய்த்துவிட்டு விதி என்று சொன்னவன் நான்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. நோயாளியைத் தூரத்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டால் பிள்ளைகள் தப்பிவிடும் என்று ஓர் உறவினர் யோசனை சொன்னார். நம் தமிழ்நாட்டிலேயே இதற்கு விடை கண்டிருக்கிறார்கள். 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் (இப்போது சேத்துப்பட்டில் உள்ள தேசிய நிறுவனம்) நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மறுபகுதியினருக்கு நெருக்கடியான அவர்களுடைய வீடுகளிலேயும் சிகிச்சை கொடுத்துப் பார்த்தது. 1959இல் வெளியான முடிவு உலகத்தின் மருத்துவ வழக்கத்தையே மாற்றியது: மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் வீட்டிலும் ஏறக்குறைய அதே அளவு குணமாகிறது. வீட்டில் வைத்துப் பார்த்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வந்துவிடவும் இல்லை. சிகிச்சை தொடங்குவதற்கு முந்திய நாட்களில்தான் ஆபத்து அதிகம். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களில் பரவும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே உம்மாவை எங்கும் அனுப்பவில்லை. தட்டும் சஹனுக்கே திரும்பியது.

அந்த முதல் வாரங்களில் மட்டும் படுக்கையைத் தனி அறைக்கு மாற்றி ஜன்னல்களை எல்லாம் திறந்து வைத்தோம். பேரன் கதவடியில் நின்று "வாப்பும்மா, வாப்பும்மா" என்று அழுவான். பெரியவர்கள் பலர் இந்த அழுகையைப் பிடிவாதம் என்று எண்ணி மிட்டாய் கொடுத்து அடக்கிவிடுகிறோம். அனஸ் (ரலி) அவர்களின் தம்பி அபூ உமைர் வளர்த்த சின்னக் குருவி இறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அந்தக் குருவியைப் பற்றி அவரிடமே விசாரித்தார்கள். உம்மத்தின் பொறுப்பு முழுவதும் தோளில் இருந்தவர்களுக்கு ஒரு குழந்தையின் குருவியைக் கேட்க நேரம் இருந்தது. எங்கள் மருமகள் புத்திசாலி. மாலையில் முற்றத்துத் திறந்த வெளியில் உம்மா முகக்கவசத்தோடு நாற்காலியில் உட்கார, எதிர்த் திண்ணையில் பேரனை உட்கார வைத்தாள். யூனுஸ் நபி மீன் வயிற்றில் இருந்த கதை அங்கிருந்து சத்தமாக நடக்கும். பிள்ளையிடம், "வாப்பும்மாவுக்கு இருமல் நோய், மருந்து சாப்பிடுறாங்க, சரியானதும் பக்கத்துல படுக்கலாம்" என்று உள்ளதை உள்ளபடியே சொன்னாள். அவனும் தன் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, "நானும் குடிச்சிட்டேன்" என்று திண்ணையிலிருந்து கத்துவான்.

மாத்திரை கொடுப்பது என் வேலையாயிற்று. நோயாளி, கைக்குழந்தை, விருந்தாளி மூவரையும் ஒரு மருமகளின் தலையில் வைத்துவிட்டு ஆண்கள் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பது நம்மிடையே சாதாரணம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டார் வேலையில் ஈடுபட்டிருப்பார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் சொன்னதை நாம் பெண்கள் பயானில் மட்டும் ஓதுகிறோம். ஃபஜ்ர் முடிந்து வந்ததும் இருவருக்கும் மாத்திரை கொடுத்து நாட்காட்டியில் கோடு போட்டேன். முதல் வாரம் உம்மா, சிறுநீர் சிவப்பாகப் போகிறது, ரத்தம் என்று பயந்து வீட்டையே கலக்கிவிட்டார்கள். மாத்திரையின் நிறம்தான் அது, பயப்பட வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும், "எனக்குத்தான் நல்லாப் போச்சே" என்று மாத்திரையைத் தள்ளிவிட்டார்கள். ஆபத்தான கட்டம் இதுதான். இடையில் நிறுத்தினால் மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக அது திரும்பி வரக்கூடும். ரமளான் வந்தபோது நோன்பு நோற்பேன் என்று பிடிவாதம் பிடித்தார்கள். நோயாளிக்கு அல்லாஹ் கொடுத்த சலுகையை ஹஸ்ரத்தே வந்து எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

சம்பந்தி வீட்டுக்கு நானே போய்ச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மகளுக்குப் பார்த்தாச்சா?" என்று மட்டும் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பார்த்தோம், நோய் இல்லை. அவருடைய முகத்தில் பழைய மலர்ச்சி திரும்ப ஓராண்டு ஆயிற்று. அதில் அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நிக்காஹுக்கு முன் சொல்லியிருந்தால் அந்த ஓராண்டு தேவைப்பட்டிருக்காது.

பிள்ளை பிறந்த வீடுகளுக்கு ஒரு வார்த்தை. தஹ்னீக் செய்ய வயதில் மூத்தவரைத் தேடுகிறோம், நல்லது. இருமல், காய்ச்சல் உள்ளவர் எவ்வளவு பெரியவரானாலும் அன்றைக்கு வேண்டாம். துஆ மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். பேரீச்சம்பழத்துக்குப் பதில் தேன் தொட்டு வைப்பதும் நம் பக்கம் உண்டு. ஒரு வயதுவரை குழந்தைக்குத் தேன் கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். பூண்டு சாப்பிட்டவரே வாடை போகும்வரை பள்ளிவாசலுக்கு வர வேண்டாம் என்று சொன்ன மார்க்கத்தில், இருமலோடு தொட்டில் பக்கம் போகாதீர்கள் என்று ஒரு தாய் சொன்னால் அவளைத் திமிர் பிடித்தவள் என்று பேசாதீர்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு இருந்தால் அருகிலுள்ள அரசு சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குப் போங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். சத்துணவுக்காகச் சிகிச்சைக் காலத்தில் நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. வீட்டில் சம்பாதிப்பவரே நோயாளியாகிவிட்டால் அது போதாது. அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு முட்டை, பால், பருப்புக்கு நம் மருத்துவ உதவி நிதியிலிருந்து கொடுக்கிறோம்.

இந்த நிதிக்கான விண்ணப்பப் படிவத்தில் நோயின் பெயர், மருத்துவர் சீட்டு, வருமானம் ஆகியவற்றைத்தான் முன்பு கேட்டு வந்தோம். இப்போது முதல் வரியாக, "வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்?" என்று சேர்த்திருக்கிறோம். படிவத்தை நானே வாங்கி வைத்துக்கொள்கிறேன். பெயர் வெளியே போகாது. அஸர் தொழுகைக்குப் பின் மஃரிப்வரை அலுவலகத்தில் இருப்பேன். ஆண்களிடம் சொல்லத் தயங்கும் சகோதரிகள் வியாழக்கிழமை பெண்கள் வகுப்பு நடத்தும் ஆலிமாவிடம் கொடுத்தாலும் என் கைக்கு வந்துவிடும். வீட்டில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.