இருபது இடம், ஐம்பது பெயர்

கினாபாலு மலைக்குப் பயணம் என்று கழகம் அறிவித்தால் போதும், பெயர்கள் குவிந்துவிடும். 4,095 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஏறுவோர் பொதுவாகப் பானாலாபானில் ஓரிரவு தங்கி, விடியுமுன் உச்சிக்குப் புறப்படுவர். அங்குள்ள படுக்கைகளும் அன்றாட அனுமதிகளும் அளவானவை. கழகத்துக்கு 20 இடம் கிடைத்து 50 பேர் கேட்டால், 30 பேரிடம் இல்லை என்று சொல்லியாக வேண்டும். கழகப் பதிவுகளை ஈராண்டு கவனித்தவன் என்ற முறையில், அதை எந்த நியாயத்தில் சொல்வது என்பதை இங்கு எழுதுகிறேன்.

முதலில், தகுதி வேறு, முன்னுரிமை வேறு. பயிற்சி நடைகளுக்கு வந்தாரா, உடல்நலப் படிவம் தந்தாரா என்பன தகுதி. அவை இல்லாதவர், செயலவையின் நண்பரே ஆனாலும், பட்டியலில் சேரக்கூடாது.

முந்தி வருபவருக்கே இடம் என்ற முறை எளிது, ஆனால் நியாயமன்று. நண்பகல் 12 மணிக்குப் பதிவு திறந்தால், ஆய்வுக்கூடத்தில் இருப்பவரும் பகுதிநேர வேலைக்குப் போனவரும் தோற்றுவிடுவர். வேகமான இணையம் உள்ளவர் மலைமீது கூடுதல் ஆர்வம் உள்ளவர் என்று சொல்ல முடியுமா?

நான் பின்பற்றியது இது. குழுத் தலைவருக்கும் முதலுதவியாளருக்கும் 2 இடம். சென்ற முறை விண்ணப்பித்தும் கிடைக்காதவர்களுக்கு 6 இடம். ஒருமுறைகூடப் போகாத இறுதியாண்டு மாணவரையும் இதில் சேர்க்கலாம். எஞ்சிய 12 இடங்களுக்குக் குலுக்கல். அண்மையில் போய் வந்தவர்கள் பட்டியலின் கடைசியில். இது நமக்குப் புதிதன்று. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறையிலும், முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயரை ஓலையில் எழுத முடியாது. கணக்குக் காட்டாதவரையும் அவ்வாறே விலக்கினர். (நம் பொருளாளர்கள் கவனிக்க!)

சிக்கல் கூட்டாளிகளால் வரும். மூவர் சேர்ந்தே போவோம் என்பர். அவர்களுக்கு ஒரே சீட்டு எழுத வேண்டும். மூன்று சீட்டு எழுதி, எது வந்தாலும் மூவருக்கும் இடம் என்றால், தனியாக வருபவரைவிட அவர்களுக்கு மிகக் கூடுதலான வாய்ப்புக் கிடைத்துவிடும். கடைசியில் இரண்டே இடம் எஞ்சும்போது மூவர் சீட்டு வந்தால் என்ன செய்வது என்பதையும் குலுக்கலுக்கு முன்பே எழுதி ஒட்டிவிட வேண்டும். பிறகு சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

இடங்கள் நிரம்பியதும் குலுக்கலை நிறுத்தாதீர்கள். எல்லாச் சீட்டுகளையும் எடுத்து முடித்தால் காத்திருப்போர் வரிசை தானாகவே அமைந்துவிடும். விலகுபவர் தம் இடத்தை அறைத்தோழருக்குக் கொடுத்துவிட்டுப் போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இதை ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது. வரிசையில் நிற்பவருக்கு அநீதி என்பது ஒருபுறம். 2015 ஜூன் 5ஆம் நாள் நிலநடுக்கத்தில் கினாபாலுவில் 18 பேர் உயிரிழந்தனர். அப்படியொரு நாளில், மேலே இருப்பவர் யார் என்று வீட்டாருக்குச் சொல்ல நம்மிடம் இருப்பது பெயர்ப்பட்டியல் மட்டுமே. அதில் வேறொருவர் பெயர் இருந்தால்?

ஆகவே காலியான இடம் வரிசையில் அடுத்தவருக்கே. அவர் 48 மணி நேரத்துக்குள் முன்பணம் கட்ட வேண்டும், தவறினால் அதற்கடுத்தவர். கடைசி வாரத்தில் காரணமின்றி விலகியவருக்கு அடுத்த ஆண்டு முன்னுரிமை இல்லை. காய்ச்சலில் படுத்தவருக்கு உண்டு. மருத்துவர் சீட்டைக் காட்டினால் போதும்.