கம்ப்யூட்டரை மாற்றும் முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள்

விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றன. அதன்பின் திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டையிலும் சாலைக் கடைத்தெருவிலும் எந்தக் கடைக்கு சர்வீஸுக்குப் போனாலும் ஒரே கேள்விதான். "நல்லா ஓடிக்கிட்டிருக்கிற மெஷினை எதுக்கு மாத்தணும்?" மளிகை மொத்த வியாபாரி கேட்கிறார், கல்யாணப் பத்திரிகை அடிப்பவர் கேட்கிறார், ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் பெண் கேட்கிறார். கேட்பதில் முழு நியாயம் உண்டு. பத்து வருடம் உழைத்த இயந்திரம், பழுதில்லை, பில் போடுகிறது, ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறது. ஆனால் விண்டோஸ் 11 போடப் பார்த்தால் 'இந்தக் கணினி தகுதி பெறவில்லை' என்று திரையில் வந்து நிற்கிறது.

அந்த வரியைப் பார்த்ததும் கடைக்காரர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். மறுநாளே புதுக் கம்ப்யூட்டர் வாங்கிவிடுகிறார்கள். அல்லது காதில் போட்டுக்கொள்ளாமல் பழையதையே ஓட்டுகிறார்கள். முதலாமவர் ஒரு வாரத்தில் என்னைக் கூப்பிடுவார்: பிரிண்டர் ஓடவில்லை, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தெரியவில்லை, பழைய பில்லிங் திறக்கவில்லை. இரண்டாமவருக்கு என்ன நேரலாம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயக் கிருமி உலகம் முழுக்கப் பரவியபோது வயநாட்டில் தரியோடு, பத்தனம்திட்டையில் அருவாப்புலம் ஆகிய பஞ்சாயத்து அலுவலகங்களின் கணினிகளும் மாட்டிக்கொண்டன. கோப்புகள் பூட்டிக்கொள்ள, திரையில் பணம் கேட்டு மிரட்டல் வந்தது. அந்தக் கிருமி நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதே வருடம் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. திருத்தம் போய்ச்சேராத கணினிகளில்தான் அது புகுந்தது.

ஆகவே மாற்றத்தான் வேண்டும். எதை, எந்த வரிசையில் என்பதில்தான் தவறு நடக்கிறது. முடிவைக் கம்ப்யூட்டரிலிருந்து தொடங்காதீர்கள். அதன் பின்பக்கத்தில் செருகியிருக்கும் ஒயர்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு தாளை எடுத்து, அந்த இயந்திரத்தோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு கருவியின் மாடல் எண்ணையும், தினமும் திறக்கும் ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பையும் எழுதுங்கள். கடையின் வேலை நிற்பதும் நடப்பதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

முதலில் அந்தத் தகுதி விவகாரம். விண்டோஸ் 11 கேட்கும் 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம் எல்லாம் பெரிய தடையில்லை. தடை இரண்டு இடத்தில்: டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பிராசசரின் தலைமுறை. இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறையும் அதற்குப் பின்னும். ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் பிராசசர் பெயர் தெரியும். ஐ5-7400 என்றிருந்தால் ஏழாம் தலைமுறை. ஐ5-8400 என்றால் எட்டு. ஐ5-10400 என்றால் பத்து. ஏழும் அதற்குக் கீழும் என்றால் ஏறக்குறைய கதவு அடைந்துவிட்டது. எட்டோ அதற்கு மேலோ இருந்தும் தகுதியில்லை என்று வந்தால் அவசரப்பட்டுப் புது இயந்திரம் வாங்கிவிடாதீர்கள். கடையில் அசெம்பிள் செய்த கணினிகள் பலவற்றில் டிபிஎம் பிராசசருக்குள்ளேயே இருக்கிறது, பயாஸில் அணைத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இன்டெல் போர்டில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டில் எஃப்டிபிஎம் என்றும் அதற்குப் பெயர். அதை இயக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பயாஸில் கை வைக்கும் முன் இரண்டு எச்சரிக்கை. டிஸ்க் பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் அதன் மீட்புச் சாவியை முதலில் தாளில் எழுதி வையுங்கள்; இல்லாவிட்டால் உங்கள் கோப்புகளுக்கு நீங்களே அந்நியராகிவிடுவீர்கள். இரண்டாவது, டிஸ்க் பழைய எம்பிஆர் முறையில் இருக்கும்போது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிக்காகப் பயாஸ் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் எழும்பாது. முதலில் பேக்கப், பிறகு டிஸ்கை ஜிபிடி முறைக்கு மாற்றுவது, அதன்பிறகே பயாஸ். அதற்கான கருவி விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது. நல்ல டெக்னீஷியனுக்கு இந்த வரிசை தெரிந்திருக்கும்; உங்களுக்கும் தெரிந்திருந்தால் அவரைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

தகுதியில்லாத கணினியில் குறுக்குவழியில் விண்டோஸ் 11 ஏற்றித் தருகிறோம் என்பவர்கள் இருக்கிறார்கள். ஏறும் என்பது உண்மை. ஆனால் அப்படிப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. வீட்டில் பாட்டுக் கேட்கும் கணினியில் செய்து பாருங்கள். வங்கிக் கணக்கும் வாடிக்கையாளர் விவரமும் இருக்கும் கடைக் கணினியில் வேண்டாம்.

இனி அந்தத் தாள். பிரிண்டரில் தொடங்கலாம், ஏனென்றால் அதிகம் கண்ணீர் வருவது அங்கேதான். பிரிண்டருக்கும் விண்டோஸுக்கும் நடுவில் நின்று பேசும் சிறு மென்பொருள்தான் டிரைவர். விண்டோஸ் 10இன் 64 பிட் பதிப்பில் ஓடிய டிரைவர் பெரும்பாலும் 11இலும் ஓடும். சிக்கல் வருவது, நீங்கள் இதுவரை 32 பிட் விண்டோஸ் வைத்திருந்தால். விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் டிரைவர் ஒன்றுகூட அதில் ஏறாது. நம் ஊரில் பாதிக் கடைகளில் இருக்கும் கேனான் எல்பிபி 2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவற்றுக்கு 64 பிட் டிரைவர் உண்டு. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்குங்கள். டிரைவர் தருகிறோம் என்று கூகுளில் முதலில் வரும் ஏதோ ஒரு தளத்திலிருந்து அல்ல. இறக்கிய கோப்பைப் பென் டிரைவில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள், பழைய மாடல்களின் பக்கங்கள் ஒருநாள் காணாமல் போகும். விண்டோஸ் அப்டேட் வழியாகவே எல்லாப் பிரிண்டர் டிரைவரும் வந்துசேரும் காலமும் முடிகிறது. தயாரிப்பாளர்களின் டிரைவர்களை அவ்வழியே தருவதைப் படிப்படியாக நிறுத்துவோம் என்று மைக்ரோசாஃப்ட் 2023இலேயே அறிவித்துவிட்டது.

டாட் மேட்ரிக்ஸ் வைத்திருப்பவர்கள் அஞ்ச வேண்டாம். பல அடுக்குத் தாளில் பில் அடிக்கும் அந்த இயந்திரங்கள் எளிய மொழியில் பேசுபவை. விண்டோஸ் 11லும் ஓடும். புதுக் கணினியில் பேரலல் போர்ட் இருக்காது என்பதுதான் குறை. யுஎஸ்பி போர்ட்டும் சேர்ந்த மாடல் என்றால் கேபிள் மாற்றினால் போதும், இல்லையென்றால் யுஎஸ்பியிலிருந்து பேரலலுக்கு மாற்றும் கேபிள் வாங்குங்கள்.

டாஸ் காலத்து பில்லிங் மென்பொருள்தான் உண்மையான தலைவலி. யாரோ ஒருவர் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிக்கொடுத்து, இருபது வருடமாக அரிசி மூட்டைக் கணக்கைத் தவறாமல் சொல்லும் மென்பொருள். எழுதியவர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இதற்காகவே 32 பிட் விண்டோஸை விடாமல் வைத்திருந்த கடைகள் சாலையில் உண்டு. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டாது. அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. டாஸ்பாக்ஸ்-எக்ஸ் என்ற இலவச மென்பொருள் விண்டோஸ் 11க்குள் ஒரு பழைய டாஸ் கணினியைப் பாவனையாக உருவாக்கித் தரும். அதில் அச்சுக்கும் வழி உண்டு. உங்கள் தரவின் நகலை வைத்து ஒரு வாரம் இரண்டிலும் பில் போட்டு ஒத்துப் பாருங்கள். ஒத்துவந்தால் தொடருங்கள். வராவிட்டால் பழைய கணினியின் நெட் கேபிளைக் கழற்றிவிட்டு, கணக்குப் பார்க்க மட்டும் தனியே வைத்துக்கொண்டு, புதிய நிதியாண்டிலிருந்து புது மென்பொருளுக்கு மாறுங்கள். நெட் இல்லாத கணினிக்கும் பென் டிரைவ் வழியே கிருமி வரும் என்பதை மறக்க வேண்டாம்.

டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பற்றி ஒரு பயம் பரவியிருக்கிறது: கணினி மாற்றினால் சான்றிதழும் புதிதாக வாங்க வேண்டுமாம். வேண்டாம். சான்றிதழ் டோக்கனுக்குள் இருக்கிறது, கணினிக்குள் இல்லை. புதுக் கணினியில் அந்த டோக்கனுக்கான மென்பொருளைப் போட்டால் போதும். அந்த மென்பொருளில் இனிஷியலைஸ் என்றொரு பொத்தான் இருக்கும், அதைத் தொடாதீர்கள், உள்ளே இருப்பது அழிந்துவிடும். பின் எண்ணைத் தவறாகத் திரும்பத் திரும்பப் போட்டாலும் டோக்கன் பூட்டிக்கொள்ளும்.

ஆதார் விரல்ரேகைக் கருவியின் கதை வேறு. ஆதார் ஆணையம் பழைய எல் 0 வகையை விட்டு எல் 1 வகைக்கு மாறச் சொல்லிவிட்டது. எனவே பழைய கருவிக்கு டிரைவர் தேடி ஒரு பகலை வீணாக்க வேண்டாம்.

பெரிய காப்பியர் இயந்திரத்திலிருந்து ஸ்கேன் செய்த தாள் நேரே கணினியின் பொது ஃபோல்டருக்கு வருவது பல அலுவலகங்களில் பழக்கம். 2024இல் வந்த விண்டோஸ் 11இன் 24 எச் 2 பதிப்புக்கு மாறிய பிறகு அது சட்டென்று நின்றுபோனதாகச் சொல்கிறார்கள். கடவுச்சொல் இல்லாமல் விருந்தாளியாக உள்ளே வருவதை அதன் ப்ரோ பதிப்பு அனுமதிப்பதில்லை, வருபவர் கையொப்பமிட்டே வர வேண்டும் என்றும் கேட்கிறது. காப்பியருக்கென்று கணினியில் தனியாக ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்கி, அவற்றைக் காப்பியரில் பதியுங்கள். அதற்கும் மசியாத பழைய காப்பியர் என்றால் பென் டிரைவுக்கோ மின்னஞ்சலுக்கோ ஸ்கேன் செய்யலாம். பாதுகாப்பையே அணைத்துவிடச் சொல்லும் யூடியூப் வழிகாட்டிகளைப் பின்பற்ற வேண்டாம். வானாக்ரை பரவியதும் இதே பகிர்வு வழியாகத்தான்.

பத்திரிகை அடிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பேஜ்மேக்கர் 7 வந்தது 2001இல். அதற்கு யூனிகோடு தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்துச் சேர்த்த கோப்புகளை, பழைய கணினி உயிரோடிருக்கும்போதே ஒவ்வொன்றாகப் பிடிஎஃப் ஆக்குங்கள், வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றித் தனியே சேமியுங்கள். தமிழ் தட்டச்சுக்கென்று பழைய மென்பொருளைத் தேடி அலைய வேண்டியதில்லை. தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் இரண்டும் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன.

தாள் நிரம்பிவிட்டது என்றால் முடிவு தானாகத் தெளியும். எல்லாம் ஒத்துவந்து கணினியும் தகுதி பெற்றால் விண்டோஸ் 11க்கு மாறுங்கள். முறையான உரிமமுள்ள விண்டோஸ் 10க்கு அது இலவசம். மாறிய பின் பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்பவும் வழி இருக்கிறது. அந்தப் பத்து நாளில் எல்லா வேலையையும் ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.

ஒத்துவராதவற்றுக்குத் தவணை வாங்கலாம். விண்டோஸ் 10க்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். கணினி 22 எச் 2 பதிப்பில் இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே சேரும் இணைப்பு இருக்கும். அமைப்புகளை அந்தக் கணக்கோடு ஒத்திசைக்கச் சம்மதித்தால் கட்டணமில்லை. ஒரு பதிவில் பத்துக் கணினிகள் வரை சேர்க்கலாம். டொமைனில் இணைத்த அலுவலகக் கணினிகளுக்கு இது பொருந்தாது, அவற்றுக்குத் தனிக் கட்டணம். இந்தத் தவணையை ஓய்வாக எண்ண வேண்டாம். பழைய மென்பொருளிலிருந்து தரவை எடுக்கவும் கருவிகளை மாற்றவும் கிடைத்த காலம் அது.

தகுதி பெறாவிட்டாலும் உடல் நலமான கணினி என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் இருப்பவருக்கு இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. கேரள அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் படிப்பதே லினக்ஸில்தான். பள்ளிகளுக்காகக் கைட் நிறுவனம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு தயாரித்த கைட் குனூ லினக்ஸின் 22.04 பதிப்பு 2024இல் வந்தது. யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏழாம் வகுப்புப் பிள்ளை வீட்டில் இருந்தால் லிப்ரே ஆஃபீஸ் எங்கே இருக்கிறது என்று அது காட்டிக்கொடுக்கும். நீண்ட ஆதரவு வேண்டுமென்றால் 2029 வரை திருத்தங்கள் வரும் லினக்ஸ் மின்ட் 22. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டு, ராமை 8 ஜிபி ஆக்கினால் ஏழாம் தலைமுறைக் கணினி நன்றாக ஓடும். பிரவுசர், மின்னஞ்சல், கடிதம், வங்கி வேலைக்குப் போதும். டேலி அதில் நேரடியாக ஓடாது. எல்பிபி 2900 பிரிண்டர் அதில் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் அது கேனானின் சொந்த மொழியில் மட்டுமே பேசும். எச்பி 1020க்கு எச்பி தரும் கூடுதல் கோப்பு ஒன்றை ஏற்ற வேண்டும். நிறுவும் முன்பே பென் டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, உங்கள் தாளில் உள்ள ஒவ்வொன்றையும் சோதிக்கலாம் என்பது இதில் பெரிய வசதி.

எந்த வழியானாலும் பேக்கப் இரண்டு இடத்தில் இருக்கட்டும், அதில் ஒன்று கடைக்கு வெளியே. ஒரு மணி நேரப் பெருமழைக்குத் தம்பானூரிலும் கிழக்கேகோட்டையிலும் தண்ணீர் ஏறுவதை நாம் பார்த்தவர்கள்தான். 2015இல் ஆபரேஷன் அனந்தா என்ற திட்டம் நடந்ததே அந்த வெள்ளத்தைத் தடுக்கத்தான். சிபியுவையும் பேக்கப் டிஸ்கையும் தரையில் வைக்காதீர்கள். கழிக்கும் கணினியை ஆக்கர் என்னும் பழைய சாமான் கடைக்குப் போடும் முன் டிஸ்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். அதில் வாடிக்கையாளர்களின் ஆதார் நகல்கள் இருக்கும். மின்கழிவை மாநகராட்சி வழி ஹரித கர்மசேனையிடம் கொடுக்கலாம்.

மாற்றும் நாளையும் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஓணம் விற்பனை வாரத்தில் வேண்டாம். மாதாமாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்பவர் என்றால் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் நடுவிலும் வேண்டாம். ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கல் முடிந்த பின் வரும் சனிக்கிழமை இரவு பேக்கப் எடுத்து, ஞாயிறு முழுவதும் மாற்றி, திங்கள் காலை முதல் பில்லைப் பழைய கணினியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே அடியுங்கள்.