பசிக்கொரு கடை, தேவைக்கொரு கடை

சிலப்பதிகாரம் காட்டும் மருவூர்ப்பாக்கத்தை நம்மில் பலர் பாடமாகப் படித்திருப்போம். நெசவாளர், பொற்கொல்லர், தையற்காரர், கூல வணிகர் ஆகியோரோடு அப்பம் விற்போரும் மீன் விற்போரும் அங்கு அருகருகே தொழில் செய்ததை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்கிறார். உண்பதும் உடுப்பதும் ஒரே இடத்தில் கிடைத்தால்தான் அது நகரம். இன்றைய நகரங்களில் அந்தச் சமன் நிலைத்திருக்கிறதா?

நான் பிறந்து வளர்ந்த ஜோர்ஜ் டவுனையே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்ந்தபோது என் சீருடையைத் தைத்த தையற்கடை இன்று இல்லை. அதே ஐந்தடியில், அதே மரக்கதவுக்குப் பின்னால், இப்போது ஒரு கோப்பிக் கடை இருக்கிறது. கோப்பி சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால், என் தம்பிக்குச் சீருடை தைக்க அம்மா வேறு ஊருக்குப் போக வேண்டியதாயிற்று.

இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை உயராமல் காத்து வந்தது. 1997இல் அச்சட்டத்தை நீக்க முடிவானது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. 2008இல் மலாக்காவும் ஜோர்ஜ் டவுனும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டன. சுற்றுப்பயணிகள் பெருகினர், வாடகையும் ஏறியது.

வாடகை ஏறினால் உணவகம் எப்படித் தாங்குகிறது? தையற்கடை ஏன் தாங்குவதில்லை? ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 6,000 ரிங்கிட் என்றால் நாளொன்றுக்கு 200 ரிங்கிட். ஒரு சட்டைக்குத் துணியும் நூலும் போக 40 ரிங்கிட் நிற்கும் எனில், வாடகைக்கு மட்டுமே தினம் ஐந்து சட்டைகள் தைக்க வேண்டும். உணவகத்தில் ஒருவர் சாப்பிட்டால் 5 ரிங்கிட் நிற்கும் எனில், 40 பேர் போதும். அந்த 40 நாற்காலிகளும் ஒரே நாளில் மூன்று முறை நிரம்பலாம். தையற்காரருக்கோ இரண்டு கைகள்தாம். மேலும், சட்டையைக் கைப்பேசி வழி வாங்கிவிடலாம். சுடச்சுடத் தோசையை அவ்வாறு சுவைக்க இயலாது.

இதனால் உணவகங்களை எதிரியாகக் கருதுவது தவறு. சேலை வாங்க வரும் குடும்பத்தை ஒரு மணி நேரம் கூடுதலாகத் தெருவில் நிறுத்தி வைப்பது வாழையிலைச் சாப்பாடுதான். கடைகள் அடைத்த பிறகும் தெருவில் விளக்கெரிய வைப்பதும் உணவகமே. இரண்டும் ஒன்றையொன்று தாங்கும் தூண்கள். மார்க்கெட் ஸ்திரீட், பினாங்கு ஸ்திரீட் சூழ்ந்த லிட்டல் இந்தியாவில் துணிக்கடை, மசாலைக் கடை, பூக்கடை, உணவகம் ஆகியவை இன்னும் கலந்தே இருக்கின்றன. உள்ளூர் மக்கள் தேவைக்காக வருகிறார்கள்; வந்த இடத்தில் பசியாறுகிறார்கள். சற்றுத் தள்ளியுள்ள ஆர்மேனியன் ஸ்திரீட்டில் நினைவுப்பொருள் கடைகளும் கோப்பிக் கடைகளுமே மிகுதி.

ஒரே தொழிலை நம்பிய தெருவின் நிலையை 2020 மார்ச் 18இல் தொடங்கிய மக்கள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நமக்கு உணர்த்தியது. உணவகங்களில் அமர்ந்து உண்ணத் தடை, சுற்றுப்பயணிகளும் இல்லை. மளிகைக் கடைகளோ திறந்திருந்தன. எல்லா முட்டைகளையும் ஒரே கூடையில் வைக்கலாகாது என்பது தெருவுக்கும் பொருந்தும்.

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? முதலாவதாக, உரிமம் வழங்கும் மாநகர் மன்றம் ஒரே வரிசையில் எத்தனை உணவகங்கள் இருக்கலாம் என வரையறுக்கலாம். இரண்டாவதாக, ஜோர்ஜ் டவுனில் பல கடைவீடுகள் இந்து அறப்பணி வாரியம், வக்பு அமைப்பு, சீனக் குலச் சங்கங்கள் ஆகியவற்றுக்குச் சொந்தமானவை. வாடகையை மட்டும் பார்க்காமல், தெருவுக்கு எந்தத் தொழில் தேவை என்று பார்த்து அவை கடைகளை வாடகைக்கு விடலாம். தையற்காரருக்கும் பூக்கடைக்காரருக்கும் கீழ்த்தளத்தில் பாதி இடமே போதும். ஒரு கடையை இருவருக்குப் பகிர்ந்தும் கொடுக்கலாம்.

மூன்றாவது கடமை நம்முடையது. விடுமுறைக்கு வீடு திரும்பும்போதெல்லாம் நான் லிட்டல் இந்தியாவுக்குச் செல்வேன். வயிறார உண்பேன், படம் பிடிப்பேன், திரும்பிவிடுவேன். தீபாவளிச் சட்டையைக் கைப்பேசியில்தான் வாங்கினேன். பிறகு, ‘நம் கடைகள் மறைகின்றனவே’ என்று வருந்துவதில் என்ன நியாயம்? அந்தத் தையற்கடையை மூடியதில் என் பங்கும் உண்டு.

பட்டதாரிகளாகப் போகும் நாம், அடுத்த முறை நம் ஊர்க் கடைத்தெருவுக்குச் செல்லும்போது ஒரு வரிசையை எண்ணிப் பார்ப்போம். எத்தனை கடைகள் பசிக்கு? எத்தனை கடைகள் தேவைக்கு? எண்ணி முடித்த பின், உண்பதோடு நிறுத்தாமல் ஒரு முழம் பூவாவது வாங்கி வருவோம்.