புலிகளை எண்ணுவது எப்படி?

நம் தேசிய விலங்காகிய புலியைக் காக்க வேண்டுமெனில், அவை எத்தனை உள்ளன என்பதை முதலில் அறிய வேண்டும். 1972-இல் எடுத்த கணக்கின்படி இந்தியக் காடுகளில் 1,827 புலிகளே இருந்தன. மறு ஆண்டே புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பெற்றது.

அந்நாளில் காலடித் தடங்களைக் கொண்டே எண்ணினர். நம் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் பொம்மைகளுக்கு அச்சு செய்கிறார்களே, அதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்துத் தடத்தில் ஊற்றிப் படியெடுத்தனர். ஆயின் ஒரே புலியின் பாதம் சேற்றில் ஒருவாறும் மணலில் வேறுவாறும் பதியும். களிமண்ணோடு பழகிய நம் ஊராருக்கு இதைச் சொல்லித் தரவேண்டுவதில்லை!

இம்முறையின் குறை ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில் வெளிப்பட்டது. ஏட்டில் 15-க்கும் மேற்பட்ட புலிகள் இருக்க, 2005-இல் காட்டில் ஒன்றுகூட இல்லை. தோலுக்கும் எலும்புக்குமாகக் கள்ள வேட்டைக்காரர்கள் கொன்று தீர்த்திருந்தனர்.

இப்போது காட்டுப் பாதையின் இருபுறமும் தானியங்கிக் காமிராக்களைப் பொருத்துகின்றனர். ஒரு புலியின் வரிகள் மற்றொன்றுக்கு இல்லை. அதன் இடப்புற வரிகள் வலப்புறத்திலும் இல்லை. படைத்தவரின் கைத்திறன் அத்தகையது! ஆகவேதான் இரண்டு காமிராக்கள். இவ்வகையில் 2006-இல் கிடைத்த கணக்கு 1,411 என்ற கசப்பான உண்மை. 2022-இல் அது 3,682 ஆக உயர்ந்தது. தமிழகத்தில் 76 என்றிருந்தது 306 ஆயிற்று.

ஒருகாலத்தில் வீரப்பன் மறைந்திருந்த சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமாயிற்று. அதனூடே செல்லும் நெடுஞ்சாலையில் இரவு நேர வாகனங்களுக்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2022-இல் கட்டுப்பாடு விதித்தது. புலி வெளியே உலவும் நேரம் அதுதானே!